கொரோனாவில் நின்றுபோன யானைக்கால் கணக்கெடுப்பு: பழைய பதிவேட்டைச் சரிசெய்து மீண்டும் தொடங்கும் வழி

மாவட்டப் பூச்சியியல் பிரிவுக்கோ ஃபைலேரியா கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ புதிதாக வந்திருக்கிறீர்கள். யானைக்கால் நோய்க் கோப்பை உங்கள் மேசையில் வைத்துவிட்டார்கள். 2019 வரை பக்கம் பக்கமாக எண்கள். 2020, 2021-இல் சில பக்கங்கள் காலி, சில பக்கங்களில் வரிசையாகப் பூஜ்ஜியம். அடுத்த ஆய்வை எப்போது, எங்கே, யாரிடம் நடத்துவது என்று திட்டம் போட வேண்டியது இனி நீங்கள்தான்.

அந்தப் பூஜ்ஜியங்களை நம்பித் திட்டம் போட்டால் மூன்று ஆண்டு கழித்து மாட்டிக்கொள்வீர்கள். கீழே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்து எழுதியது. யானைக்காலைத் தடுக்க டி.இ.சி., அல்பெண்டசோல் என இரண்டு புழு மருந்தை ஊர் முழுக்கக் கொடுத்த பகுதிகளுக்கு இது பொருந்தும். ஐவர்மெக்டினும் சேர்த்து மூன்று மருந்து கொடுத்த பகுதிகளுக்கு ஆய்வு முறையே வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

1. முதல் வேலை: இடைவெளி நாட்காட்டி

2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு வரி, மொத்தம் 36 வரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம்: என்ன திட்டமிட்டிருந்தது, என்ன நடந்தது, ஆட்கள் எங்கே இருந்தார்கள், அதற்கு எந்தக் காகிதம் சாட்சி.

நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டிய தேதிகள் இவை. 2020 மார்ச் 25 நாடு முழுக்க ஊரடங்கு. 2020 ஏப்ரல் 1 அன்று, வீடு வீடாக நோயாளி தேடுவது, ஊர் முழுக்க மாத்திரை கொடுப்பது, கள ஆய்வு ஆகியவற்றைத் தள்ளிவைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஜூலை 27 அன்று, ஆபத்தையும் பயனையும் எடைபோட்டு மீண்டும் தொடங்கலாம் என்றது. 2021 ஏப்ரல் 20 முதல் தமிழ்நாட்டில் இரவு 10 மணி முதல் 4 மணி வரை ஊரடங்கு. 2021 நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. யானைக்கால் கணக்கெடுப்பு இரவையும் ஒன்றாம் இரண்டாம் வகுப்பையும் நம்பி நடப்பது, கொரோனா பூட்டியதும் அந்த இரண்டையும்தான்.

தேடி எடுக்க வேண்டிய காகிதங்கள்: ஆய்வகப் பதிவேடு, மாத்திரை வழங்கிய குடும்பப் பதிவேடு, மருந்து இருப்புப் பதிவேடு, வாகன ஓட்டப் பதிவேடு, சுகாதார ஆய்வாளர்களையும் ஆய்வக நுட்புநர்களையும் கொரோனாப் பணிக்கு மாற்றிய ஆணைகள். எல்லோரும் விடுவது கடைசி இரண்டையும். ஆனால் உண்மையைச் சொல்வதும் அவைதான். இரவு ரத்தம் எடுத்ததாக ஒரு தேதி இருக்கிறது, அன்றைக்கு வண்டி ஓடவே இல்லை, நுட்புநர் கொரோனா மாதிரி சேகரிப்பு மையத்தில் இருந்தார் என்றால் அந்த வரியை நம்பாதீர்கள். யார் மேலும் குற்றம் சாட்டவும் வேண்டாம். அடையாளம் போட்டு வைத்தால் போதும்.

இந்த வேலைக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நேரில் போனால்தான் பதிவேடு கிடைக்கும். கடிதம் போட்டுக் காத்திருந்தால் மாதம் ஓடிவிடும்.

2. பூஜ்ஜியம் வேறு, கோடு வேறு

பழைய அட்டவணையை அப்படியே கணினியில் ஏற்றாதீர்கள். மூன்று குறிகள் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தோம், யாருக்கும் இல்லை: 0. பார்க்கவே இல்லை: கோடு. பார்த்தார்கள், காகிதம் இல்லை: கேள்விக்குறி. விரிதாளில் காலிக் கட்டத்தைப் பூஜ்ஜியமாக மாற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. சராசரி எடுக்கும்போது அந்தப் பூஜ்ஜியங்கள் நோய் வீதத்தைக் கீழே இழுத்துவிடும்.

உண்மையான பூஜ்ஜியமாகவே இருந்தாலும், எத்தனை பேரில் பூஜ்ஜியம் என்று கேளுங்கள். ஓர் எளிய கணக்கு: ஒருவருக்கும் இல்லை என்று வந்தால், 3-ஐப் பரிசோதித்தவர் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மை வீதம் அதுவரை இருக்கலாம். 60 பேரைப் பார்த்து யாருக்கும் இல்லை என்றால், அந்த ஊரில் 5 சதவீதம் பேருக்குக்கூட ரத்தத்தில் நுண்புழு (யானைக்கால் புழுவின் குஞ்சு) இருக்கலாம். 300 பேரைப் பார்த்து இல்லை என்றால்தான் 1 சதவீதத்துக்குள் என்று சொல்ல முடியும். இரவு ரத்த ஆய்வில் ஓர் இடத்துக்குக் குறைந்தது 300 பேர் என்று வைத்திருப்பதை இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். கொரோனா ஆண்டுகளில் 40, 70, 110 என்று எடுத்த இடங்களை 'தேறியது' பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மேலதிகாரி ஒத்துக்கொள்ள மறுத்தால் தொழுநோய்க் கணக்கைக் காட்டுங்கள். உலக அளவில் புதிய தொழுநோயாளிகள் 2019-இல் 2 லட்சத்துக்கு மேல், 2020-இல் ஏறக்குறைய 1 லட்சத்து 27 ஆயிரம். இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரத்திலிருந்து 65 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. தொழுநோய்க் கிருமி உடலுக்குள் போய் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும். ஒரே ஆண்டில் நோய் அப்படிக் குறைய வழியே இல்லை. தேடுவதுதான் குறைந்தது. இதைச் சொன்னால் பெரும்பாலும் வாக்குவாதம் முடிந்துவிடும்.

3. மாத்திரைச் சுற்றுகளை மறுபடி எண்ணுங்கள்

மாத்திரை வழங்கலை நிறுத்தலாமா என்று ஆய்வு செய்யும் முன் குறைந்தது ஐந்து பயனுள்ள சுற்றுகள் முடிந்திருக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டிய சொல் 'பயனுள்ள'. மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதமாவது மாத்திரையை விழுங்கியிருந்தால்தான் அது சுற்று. தள்ளிப்போன ஆண்டையும் சேர்த்து 'ஐந்து ஆண்டு ஆகிவிட்டது' என்று எண்ணுவது முதல் தவறு.

இரண்டாவது தவறு வகுக்கும் எண்ணில். 1,000 பேர் உள்ள ஊர். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் போகத் தகுதியுள்ளவர் 850 பேர். விழுங்கியவர் 600. தகுதியுள்ளவரில் இது 70.6 சதவீதம், படிவத்தில் அழகாகத் தெரியும். மொத்த மக்களில் 60 சதவீதம்தான். அந்தச் சுற்று தேறாது.

மூன்றாவது, கொரோனாவுக்கே உரியது. தொடாமல், நெருங்காமல் கொடுக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் மாத்திரையை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். பதிவேட்டில் அது 'வழங்கப்பட்டது' என்று இருக்கும். விழுங்கினார்களா என்பது தெரியாது. பெரியவருக்கு மூன்று டி.இ.சி.யும் ஓர் அல்பெண்டசோலும் ஒரே நேரத்தில் என்றால் தயங்குகிறவர்கள் அதிகம், பாதி மாத்திரை பரணில் கிடக்கும். பணியாளர் கண்ணெதிரே விழுங்கியதாகக் குறிப்பு இல்லாத சுற்றுக்கு, வழங்கலில் ஈடுபடாத ஆட்களை வைத்து எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேள்விக்குறி.

இன்னொன்று: பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் அல்பெண்டசோலை யானைக்கால் சுற்றாகச் சிலர் எழுதி வைத்திருப்பார்கள். அதில் டி.இ.சி. இல்லை. அடித்துவிடுங்கள்.

ஒரு சுற்று தவறினால் என்ன நடக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். மருந்து ரத்தத்தில் ஓடும் நுண்புழுக்களை அழிக்கிறது. நிணநீர்க் குழாயில் இருக்கும் தாய்ப்புழு பல ஆண்டு உயிரோடு இருக்கும், மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் குஞ்சு பொரிக்கும். ஆண்டுக்கொரு முறை கொடுப்பதே இதற்காகத்தான். ஆகவே இடையில் விட்ட பகுதிக்கு ஆய்வைவிட முதலில் இன்னொரு நல்ல சுற்று தேவைப்படலாம்.

4. எந்தப் படியில் நிற்கிறீர்கள், எந்த மாதம் போகலாம்

ஐந்து சுற்று முடிந்த பகுதியில் இரவு ரத்தம் எடுத்துப் பார்க்கும் முன்னாய்வு. அதில் தேறினால் பள்ளிப் பிள்ளைகளிடம் முதல் பரவல் மதிப்பீட்டு ஆய்வு, அதிலும் தேறினால் மாத்திரை நிற்கும். பிறகு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது ஆய்வு. கொரோனாவில் இந்த இடைவெளி நான்கு, ஐந்து ஆண்டாக நீண்ட பகுதிகளும் உண்டு. அதனால் பழைய முடிவு செல்லாது என்று ஆகாது. ஆனால் அடுத்ததைச் சீக்கிரம் நடத்துகிறோம் என்று மூன்றாவதை ஓராண்டிலேயே வைத்து 'ஈடுகட்ட' வேண்டாம். இடைவெளி வைப்பதே பரவல் மீண்டும் தலைதூக்கினால் தெரிய வேண்டும் என்பதற்குத்தான்.

முன்னாய்வைக் கடைசி மாத்திரைச் சுற்று முடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்தே வைக்க வேண்டும். பிப்ரவரியில் மாத்திரை என்றால் ஆகஸ்டுக்கு முன் கூடாது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இரவில் தெருவில் உட்கார்ந்து ரத்தம் எடுக்க முடியாது. ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. ஆக உங்களுக்கு உண்மையில் கிடைப்பவை இரண்டு சாளரங்கள்: ஜனவரி முதல் மார்ச் நடு வரை, ஜூன் கடைசி முதல் செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன்வரை. இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

5. இரவு ரத்தம்: நேரக் கட்டத்தைப் பாருங்கள்

இங்கே நோய் தருவது உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. அதன் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கிவிடும், இரவில்தான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும். உச்சம் இரவு 10 முதல் 2 வரை. நம் ஊர் நடைமுறையில் 8.30-க்குத் தொடங்கி நள்ளிரவில் முடிப்பார்கள். 2021-இல் இரவு 10 மணி ஊரடங்கு வந்ததும் 'ஆறரைக்கே போய் முடித்துவிட்டு வந்துவிடலாம்' என்ற ஆசை எந்தக் குழுவுக்கும் வரும். அப்படி மாலையில் எடுத்த தடவல்களில் (கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தம்) நுண்புழு குறைவாகத்தான் தெரியும். பழைய பதிவேட்டில் நேரம் 8.30-க்கு முன் இருந்தாலோ, நேரமே எழுதாமல் இருந்தாலோ அந்த முடிவைக் கேள்விக்குறியில் தள்ளுங்கள்.

ரத்த அளவையும் பாருங்கள். நம் நாட்டில் வழக்கமாக 20 கன மில்லிமீட்டர் எடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனக் கையேட்டு முறையில் 60. ரத்தத்தில் புழு அடர்த்தி குறைந்த ஊரில் 20-இல் சிக்காதது 60-இல் சிக்கும். முன்பு 20, இப்போது 60 என்றால் வீதம் ஏறியதாகத் தோன்றும். நோய் பெருகிவிட்டது என்று அறிக்கை எழுதிப் பத்திரிகை வரை போன பிறகு திருத்துவது கஷ்டம்.

அலமாரியில் 2020-இல் எடுத்து நிறமேற்றாமல் விட்ட கண்ணாடித் தகடுகள் கிடைக்கலாம். மாதக்கணக்கில் கிடந்த தடித்த தடவலில் ரத்தச் சிவப்பு நீரில் சரியாகக் கரையாது. பூஞ்சை படர்ந்திருக்கும், ஈயும் கரப்பானும் தின்றிருக்கும். அவற்றை 'நோய் இல்லை' என்று எழுதாதீர்கள். 'பரிசோதிக்க இயலாதவை, இத்தனை' என்று எழுதுங்கள்.

முன்னாய்வில் ஓர் இடமாவது நிரந்தரக் கண்காணிப்பு இடமாகவும், ஓர் இடமாவது புதிதாகத் தேர்ந்த சோதனை இடமாகவும் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நுண்புழு வீதம் 1 சதவீதத்துக்குக் கீழே. இரண்டின் சராசரி 1-க்குக் கீழே என்று காட்டுவது செல்லாது. கொரோனாவில் நிரந்தர இடத்தை விட்டுப் பக்கத்து ஊரில் எடுத்திருந்தால் அந்த ஊரைச் சோதனை இடமாகக் கொள்ளலாம், நிரந்தர இடத்தின் தொடர்ச்சியாகக் கொள்ள முடியாது.

ஒரு குழு ஓர் இரவில் 50 தடவல் எடுத்தால் நல்ல வேலை. 300-க்கு ஆறு இரவு. ஊர்த் தலைவரிடமும் தெருவிலுள்ள மகளிர் குழுவிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு வெள்ளைக் கோட்டோடு இரவில் கதவைத் தட்டினால் சனங்கள் திறக்க யோசிக்கிறார்கள்.

6. பள்ளி ஆய்வு: பிள்ளைகளின் பட்டியலே மாறிவிட்டது

பரவல் மதிப்பீட்டு ஆய்வு 6, 7 வயதுப் பிள்ளைகளிடம் நடக்கிறது. மாத்திரை தொடங்கிய பின் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் ரத்தத்தில் ஆன்டிஜென் (புழு வெளிவிடும் பொருள்) தெரிந்தால் அண்மையில் கொசு கடித்துத் தொற்றியிருக்கிறது என்று பொருள்.

2020-இல் நடக்க வேண்டிய ஆய்வை இப்போது நடத்தும்போது, அன்று ஆறு வயதாக இருந்த பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆய்வு நடக்கும் நாளில் 6, 7 வயதாக இருப்பவர்களே வேண்டும். வகுப்பை மட்டும் பார்த்து எடுப்பதும் வம்பு. பள்ளி மூடியிருந்ததால் வயது மீறி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்த தேதியை எமிஸ் பதிவில் (பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு) சரிபாருங்கள்.

அந்த வயதுப் பிள்ளைகளில் 75 சதவீதமாவது பள்ளியில் சேர்ந்திருந்தால் பள்ளியில் எடுக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்கு வீடு போக வேண்டும். 2019 சேர்க்கைப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொரோனாவில் கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். மூடப்பட்ட சிறு தனியார் பள்ளிகளும் பழைய பட்டியலில் இருக்கும். செங்கல் சூளை, நூற்பாலைக் குடியிருப்புப் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களில் மாத்திரை வழங்கல் நடந்துவந்திருக்கிறது. அங்கிருந்து வந்த தொழிலாளர் குடியிருப்புகளைத் தனிக் கணக்காகப் பார்ப்பது நல்லது. பள்ளி ஆய்வின் எண்ணோடு கலக்காமல் தனித்தாளில் வையுங்கள், அந்தக் குடும்பங்கள்மேல் பழி விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எண்ணிக்கையை நீங்களே ஊகிக்க வேண்டாம். அதற்கென்று உள்ள விரிதாளில் மதிப்பீட்டு அலகின் (ஒரே ஆய்வாக எடுத்துக்கொள்ளும் பகுதி) பிள்ளைத்தொகை, பள்ளி எண்ணிக்கை, வராதோர் வீதம் மூன்றையும் கொடுத்தால் பள்ளிகளையும் அதுவே தேர்ந்து கொடுக்கும். ஓர் அலகில் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கியூலெக்ஸ் கொசு பரப்பும் நம் பகுதியில், பெரிய அலகுக்குப் பள்ளித் தொகுப்பு முறையில் 1,692 பிள்ளைகள், எல்லை எண் 20. ஆன்டிஜென் தெரிந்தவர் 20 வரை என்றால் தேறியது. 21 என்றால் தேறவில்லை. வராதோர் வீதத்துக்குக் கொரோனாவுக்கு முந்தைய எண்ணைப் போட்டால் கடைசியில் பிள்ளைகள் போதாமல் போகும்.

எண்ணிக்கை நடுவிலேயே நிறைந்துவிட்டது என்று மீதிப் பள்ளிகளை விடாதீர்கள். பட்டியலில் வந்த பள்ளி எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கடைசியாக விடப்படுவது எப்போதும் தொலைவில் இருக்கும் பள்ளிதான், வாய்க்கால் கரையில் கொசு அதிகமிருப்பதும் அங்கேதான்.

7. பட்டை, ஊசி, வண்டி: கணக்கு

பிள்ளைகளின் விரல் ரத்தத்தில் ஆன்டிஜென் பார்ப்பது சோதனைப் பட்டையில். 1,692-க்குப் பத்து சதவீதம் கூட்டினால் 1,861 பட்டை. பெட்டிக்கு 25 என்றால் 75 பெட்டி. விரல் குத்தும் ஊசி அதே எண்ணிக்கை, பஞ்சு, கூர்முனைக் கழிவுப் பெட்டி, பெற்றோர் ஒப்புதல் படிவம் 2,000. படிவம் ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும்.

30 பள்ளி, நான்கு குழு, நாளுக்கு ஒரு பள்ளி என்றால் எட்டு நாள். வராத பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு நாள். ஆக 40 வண்டி நாள். செலவுப் பட்டியலில் வாகனத்தைக் குறைத்துப் போட்டு அனுப்புவார்கள், பிறகு கடைசிப் பள்ளிகள் கைவிடப்படும். குழுவுக்கு மூவர்: பெயர் எழுத, ரத்தம் எடுக்க, பட்டை படிக்க. படிப்பவர் வேறு வேலை செய்யக் கூடாது.

பட்டையை 2 முதல் 37 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். மே மாத வண்டியின் பின்பெட்டி அதைத் தாண்டும். 75 மைக்ரோலிட்டர் ரத்தம், காற்றுக் குமிழி இல்லாமல். சரியாகப் பத்து நிமிடத்தில், நல்ல வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அதற்குப் பின் படித்தால் இல்லாத கோடும் மங்கலாகத் தெரியும். பட்டையிலேயே வைத்த நேரத்தை எழுதுங்கள், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் ஒரு நிமிட இடைவெளி விடுங்கள். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் அது செல்லாது, புதிய பட்டையில் மறுபடி.

கிடங்கில் கிடக்கும் பழைய பெட்டிகளில் காலாவதித் தேதியை முதல் நாளே பாருங்கள். 2020-க்கு வாங்கியது எதையும் களத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். புதியதற்கு மாநிலம் வழியாகத் தேசியப் பூச்சிவழி நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஆறு மாதம் முன்பே எழுதுங்கள், கூடவே சுற்று விவரமும் முன்னாய்வு முடிவும் இணையுங்கள். இடைவெளி நாட்காட்டி இல்லாமல் போன விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும்.

ஆன்டிஜென் தெரிந்த பிள்ளைக்கு மருந்து கொடுங்கள், இரவு ரத்தமும் எடுங்கள், வீட்டாரையும் பாருங்கள். இரவு ரத்தத்தில் நுண்புழு இல்லை என்பதற்காக 20-இன் கணக்கிலிருந்து அந்தப் பெயரை அடிக்கக் கூடாது.

8. கால் வீங்கியவர்களின் பட்டியல்

பரவல் நின்றாலும் இவர்கள் இருப்பார்கள். கால்வீக்கம், விரைவீக்கம் இரண்டுக்கும் ஊர்வாரிப் பட்டியல் வேண்டும். இறந்தவர், இடம் மாறியவர், அறுவை முடிந்தவர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். கொரோனாவில் தள்ளிப்போன விரைவீக்க அறுவைகளை மருத்துவமனைப் பதிவோடு ஒப்பிடுங்கள். முற்றிய கால்வீக்கத்துக்கு அரசு தரும் உதவித்தொகைப் பட்டியல் நல்ல சரிபார்ப்பு. பணம் வாங்குகிறவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் பட்டியலில்தான் ஓட்டை.

9. இடைவெளிக் குறிப்பை இப்போதே எழுதுங்கள்

நோய் ஒழிந்தது என்று சான்று கேட்கும் நாளில் ஆண்டுவாரியாக ஆதாரம் கேட்பார்கள். இலங்கை 2016-இலேயே அந்தச் சான்றைப் பெற்றது, அதற்குப் பிறகும் கண்காணிப்பை விடவில்லை. உங்கள் கோப்பில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று வையுங்கள்: எந்த மாதங்களில் பார்க்கவில்லை, ஏன், எந்த ஆணையின்படி, எந்த முடிவுகளை ஒதுக்கினீர்கள், எந்தச் சுற்றுகளை அடித்தீர்கள். கையொப்பம், தேதி, ஆணைகளின் நகல். அன்றைக்கு வேலை பார்த்த ஆய்வக நுட்புநர் ஓய்வு பெறும் முன் அவரிடம் படித்துக் காட்டி விடுபட்டதைச் சேருங்கள்.

அதே கோப்பில் இன்னொரு தாள், அடுத்த முறை ஆட்களை இழுத்துக்கொண்டு போகும் நாளுக்கு. முதலில் நிறுத்தக்கூடியது வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு. நிறுத்தக் கூடாதது நோயாளிகளுக்கான மருந்தும் காலைக் கழுவிப் பராமரிக்கும் பொருள்களும். பள்ளி மூடினால் செய்யக்கூடியது, கழிவுநீர்த் தேக்கங்களின் ஓரம் பொறி வைத்து முட்டையிட வரும் கியூலெக்ஸ் கொசுவைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவது. அதற்கு எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். மாவட்டத்துக்கு ஓர் ஆய்வக நுட்புநரை எந்த நிலையிலும் மாற்றக் கூடாது என்ற வரிக்கு மாவட்டச் சுகாதார அலுவலரின் கையொப்பத்தை இப்போதே, அமைதியான மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.